விட்டத்துக்குள் ஒரு சத்தம்

எனக்குச் சீதனமாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் விட்டத்துக்குள் இருந்து, ஒரு மாரிகாலத்தில், சத்தம் வரத் தொடங்கியது. அது மரம் குடையும் வண்டா, தவளையா என்பதில் என் படிப்பு மாட்டிக்கொண்டு நின்றது. இன்று இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே வீடு முடியாமல் கலியாணம் இல்லை. வாப்பா நெசவாளர். பழைய வீட்டோடு ஒட்டிய சாய்ப்புக்குள் தறி போட்டு, விடிந்தால் அதில் உட்கார்ந்து பொழுதுபட்டால் எழும்புபவர். பட்டிப்பளை ஆற்றுக்கு அணை கட்டுவதற்காக மேற்கே காட்டை வெட்டிய காலம் அது. வண்டி வண்டியாக மரம் ஊருக்குள் வந்தது. வாப்பா அந்த நேரம் பார்த்து மரம் வாங்கி, எங்கள் வளவுக்குள்ளேயே, பழைய வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில், எனக்குக் கல்வீடு எழுப்பத் தொடங்கினார்.

மாப்பிள்ளையும் அந்நியம் இல்லை, மாமியின் மகன். மாமி என்றால் வாப்பாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. தாயும் தகப்பனும் மௌத்தான பிறகு வாப்பாவை வளர்த்து ஆளாக்கியவர். அவர் பேச்சுக்கு வாப்பா எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை. மச்சான் கல்முனைச் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தார். நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாப்பாவும் உம்மாவும் குர்ஆன் ஓதுவார்கள். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. நான் குமரான பிறகு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வேலிக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. ஆனால் பாண்டிருப்பில் இருந்து வந்து எங்களுக்கு இயற்கைப் பாடம் படிப்பித்த ரீச்சர் வாப்பாவிடம் வந்து கதைத்து, புத்தகங்களைக் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்குள் இருந்தே படித்தேன். திரை கட்டிய மாட்டுவண்டியில் போய் எஸ்.எஸ்.சி. எழுதினேன். சித்தியடைந்தேன். இதைப் பற்றி அடக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அந்தச் சோதனையின் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடிய ஆண்களே குறைவு.

பிறகு ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பித்தேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று பெரிய கதையெல்லாம் நடந்தது. கடைசியில் வாப்பா இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முடிவு சொன்னார்.

"ஊடு முடிஞ்சா கலியாணம். ஊடு முடியிறத்துக்கு முந்தி கலாசாலைக்கு எடுத்தா, புள்ள படிச்சிட்டு வரட்டும்."

மாமி உடனே ஓம் என்றார். கலாசாலை என்னை எடுக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று. கதவுகளும் ஜன்னல்களும்தான் மிச்சம். கலாசாலையில் இருந்து ஒரு தகவலும் இல்லை.

மாரி பிடித்ததும் வேலை நின்றது. ஆட்கள் வராத அந்த வீட்டுக்குள் பகலில் போய் இருந்து நான் வாசிப்பேன். எனக்காகக் கட்டும் வீடு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் சுவரில் சாய்ந்திருந்து அதைப் பார்க்கும்போது, யாரோ எனக்கு அளவெடுத்து, ஆனால் என்னைக் கேட்காமல், தைக்கிற சட்டை மாதிரி இருந்தது. வேலிக்கு அப்பால் மட்டக்களப்புக்குப் போகும் பஸ் இரைந்துகொண்டு போகும். அது வளைவில் திரும்பும் சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் பக்கத்தைப் புரட்டுவேன்.

இனி அந்தச் சத்தம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததில் இருந்து தறிச்சத்தம் ஓயாது. அங்கே பிறந்தவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, நின்றால்தான் தெரியும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். அப்போது தெரு முழுக்க ஒரு பெரிய அமைதி வந்து இறங்கும். அப்படி ஒரு பொழுதில், மழை விட்ட கையோடு, மாமி வீடு பார்க்க வந்திருந்தார். தறிகள் நின்றன. தலைக்கு மேலே விட்டத்தில் இருந்து, யாரோ விரல் முட்டியால் மரத்தைத் தட்டுவது போல, டொக்... டொக் டொக் டொக் என்று கேட்டது.

மாமி முக்காட்டை ஒதுக்கிக் காதைக் கொடுத்தார்.

"தம்பி, வண்டு. மரத்தத் தின்னுது. இந்த விட்டம் ஒரு நாளைக்கு ஆர்ர தலையிலயாவது வந்து விழும். வண்டு தின்ன ஊட்டுக்கு என்ட மகன் வர மாட்டான், இப்பவே சொல்லிட்டன்."

பகலில் கேட்கவில்லையே என்று உம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பகலில் இத்தனை தறிக்குள் எப்படிக் கேட்கும் என்று மாமி ஒரே கேள்வியில் மடக்கினார். அது நியாயமான கேள்வி.

ஓடாவியாரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கும் தோணிக்கும் மரவேலை செய்பவரை அப்படித்தான் சொல்வோம். அந்த விட்டத்தைத் தெரிவு செய்தவர் அவர்தான். வைரம் பாய்ந்த முதிரை மரம், அதில் வண்டு வந்தால் நான் தொழிலை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். பொழுதுபட்டது, தறிகள் நின்றன, சத்தம் வந்தது. அவர் சுவரோடு கட்டியிருந்த சாரத்தில் ஏறி, விட்டத்தில் மரக் கொட்டாப்புளியால் ஓர் அடி அடித்தார். சத்தம் நின்றது. அவர் முகம் விழுந்துபோனது. அடித்ததும் நின்றபடியால் அது வண்டுதான் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். தலைக்குப் பக்கத்தில் கொட்டாப்புளியால் அடித்தால் உயிருள்ள எதுவும் சத்தத்தை நிறுத்தும் என்று அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஓடுகளைக் கழற்றி விட்டத்தை இறக்கி வேறு விட்டம் போட வேண்டும். அதை மழைக்குள் செய்ய முடியாது. மாரி முடிந்து, வெயில் பிடித்து, மரம் கிடைத்து, அதுவும் காய்ந்த பிறகுதான். அவர்கள் சோகமாகப் பேசிக்கொண்டு வெளியே போனார்கள். நான் பழைய வீட்டின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அந்த வண்டுக்கு மனதுக்குள் சலாம் சொன்னேன்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ரீச்சர் பழக்கியது அது. ஓர் உயிரைக் கண்டால் முதலில் பெயர் சொல்லக் கூடாது என்பார். அது என்ன தின்கிறது, கீழே என்ன போடுகிறது, எப்போது சத்தம் போடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெயருக்கு வர வேண்டும். அந்த வீட்டின் நிலத்தை நான்தான் கூட்டினேன். மரம் தின்னும் வண்டு கீழே மா மாதிரித் தூள் போடும். விட்டத்தின் கீழே தூள் இல்லை. மழை பெய்த பொழுதுகளில் சத்தம் பலமாக வந்தது, வெளித்த பொழுதுகளில் வரவில்லை. மரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிற வண்டுக்கு வெளியே மழை பெய்தது எப்படித் தெரியும்?

பகலில் கேட்டுப் பார்த்தால் முடிந்தது. தறிதான் விடவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன். ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போகும் நேரம் ஒன்றுதான் எங்கள் ஊரில் பகலில் தறிகள் நிற்கும் நேரம். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் புது வீட்டுக்குள் போய் நின்றேன். கடல் இரைச்சல் கூடக் கேட்டது. விட்டத்தில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. வண்டாக இருந்தால் பகல் இரவு பார்க்காது, தின்றுகொண்டே இருக்கும்.

ஓடாவியார் விட்டுப் போன சாரத்தில் ஏறினேன். விட்டத்தின் தலை சுவரில் உட்காரும் இடத்தில் சாந்து சரியாக அடைபடாமல் ஒரு பொந்து. அதற்குள் ஒரு தவளை. மரத்தின் நிறம். கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணை இறுக்கி மூடி, யாரோ பிடித்து வைத்த களிமண் உருண்டை மாதிரி இருந்தது. விரல் நுனிகளில் பொத்தான் போல வட்டம். தொண்டை மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

சாரத்தில் நின்றபடியே இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். வண்டு மரத்துக்குள் முட்டையாக விடப்படுகிறது. புழுவாக அங்கேயே பிறக்கிறது. அதற்கு மரம்தான் சோறு, மரம்தான் சுவர். தின்ற அளவுக்குத்தான் நடக்க இடம். சிறகு முளைத்த நாளில் ஒரு துளை போட்டு வெளியே போனால் பிறகு அந்தத் துளையைத் திரும்பிப் பார்க்காது. தவளை அப்படி இல்லை. அதற்கு மரத்தைக் கடிக்கப் பல் இல்லை. அது தண்ணீரில் பிறந்தது. தோல் காய்ந்தால் செத்துப் போகும் என்பதால் வெயிலுக்கு ஒளிக்கிறது. மழை பெய்தால் சோடியைக் கூப்பிடுகிறது, பொழுதுபட்டால் பூச்சி பிடிக்கப் போகிறது. பார்ப்பதற்கு அடைபட்ட மாதிரித் தெரிந்தாலும் அதன் வாசல் திறந்தே இருந்தது.

இறங்கி வந்து, ஒருவருக்கும் சொல்லாமல், வாப்பாவின் தறிக்கு நூல் சுற்றினேன். சொல்லாமல் இருப்பது எனக்கு நல்லது. அவர்கள் வண்டு என்று நினைக்கும் வரைக்கும் வீடு முடியாது.

அந்த எண்ணத்தோடு நான் நிம்மதியாகவே இருந்திருப்பேன். மாமிதான் விடவில்லை. மழை வெளித்த ஒரு நாள், புது விட்டத்துக்கு மரம் பேச ஓடாவியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய வீட்டு முன்னறையில் எல்லோரும் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். நான் வழக்கம் போலத் திரைச்சீலைக்குப் பின்னால். பேச்சுக்கு நடுவில் மாமி உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மச்சி, ஒங்கட மகள் நாள் முழுக்க அந்த ஊட்டுக்குள்ளதானே புத்தகத்தோட இருந்த? தலைக்கு மேல வண்டு அரிக்கிறது தெரியல்ல. நான் வந்து ஒரு நாள் நிண்டுதான் கண்டுபுடிச்சன். இந்தப் படிப்பு என்னத்துக்கு ஒதவுற?"

ஓடாவியார் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமி, அது வண்டில்ல. தவள."

குமர்ப்பிள்ளை திரைக்குப் பின்னால் இருந்து ஆண்கள் கேட்கப் பேசுவதில்லை. உம்மா என் பக்கம் கையை வீசினார். மாமி, மரத்துக்குள்ளே தவளை இருக்கிறது என்றா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள் என்று கேட்டார். ஓடாவியார் இன்னும் பெரிதாகச் சிரித்தார். நான் தூள் இல்லாததையும், மழைக்குச் சத்தம் கூடுவதையும், வெள்ளிக்கிழமைப் பகலில் கேட்காததையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் விட்டத்தின் எந்தத் தலையில் எந்தப் பொந்து என்றும் சொன்னேன்.

எல்லோரும் புது வீட்டுக்குள் போனார்கள். நான் ஜன்னலுக்கு விட்டிருந்த இடைவெளியால் பார்த்தேன். ஓடாவியார் சாரத்தில் ஏறிப் பொந்துக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து, அல்லாஹ்வே என்று கையை உதறினார். தவளை நீட்டிய காலோடு பறந்து வந்து மாமிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டது. மாமி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். தேரை இருக்கும் வீட்டில் பிள்ளை பெற்றால் பிள்ளை இளைத்துப் போகும் என்று அங்கே நின்று சொன்னார். ஆனால் அதற்கு விட்டத்தை இறக்கத் தேவையில்லை. ஓடாவியார் சிரட்டையால் மூடித் தவளையைக் கிணற்றடி வாழைக்குள் கொண்டுபோய் விட்டார். பொந்தைச் சாந்தால் அடைத்தார். தன் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

நான் வென்றுவிட்டேன். அன்று பின்னேரமே மாமி, நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு கலியாணத்தை வைக்கலாம் என்று வாப்பாவிடம் சொன்னார்.

"வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா என்ன கா?" என்றார் உம்மா, எனக்குச் சோறு போடும்போது. கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அதன் பிறகு மழையோ வெயிலோ பார்க்காமல் வேலை நடந்தது. ஜன்னல்கள் வந்தன. கதவு நிலைகளை நாட்டினார்கள். ஒவ்வொரு கதவும் மாட்டப்படும்போது வீட்டுக்குள் இருந்த வெளிச்சம் குறைந்தது. பஸ்ஸின் சத்தம் இப்போது வளைவுக்கு முன்னாலேயே அறுந்துபோனது. கலாசாலையில் இருந்து கடிதம் வரும் என்று தபால்காரனின் சைக்கிள் மணியைக் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் நின்றேன்.

நோன்பு தொடங்கிய பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, பழக்க தோஷத்தால் ஜும்ஆ நேரம் புது வீட்டுக்குள் போனேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தவளையின் பொந்தும் அடைபட்டுவிட்டது. முன்வாசல் நிலையில் தலையைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்தேன். தறிகள் நின்றிருந்தன. காதுக்குப் பக்கத்தில், மிக மெல்லியதாக, நகத்தால் மட்டையைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். தலையை எடுத்தேன், இல்லை. வைத்தேன், இருந்தது. நிறுத்தாமல், மூச்சு விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தது. நிலையின் அடியில் பார்த்தேன். மைதா மாப் போல வெள்ளைத் தூள், சின்னக் குவியலாக.

வைரத்தைச் சீவி எடுக்கும்போது ஒரு பக்கத்தில் வைரம் ஏறாத வெள்ளை மரம் ஒட்டியபடியே அந்த நிலையை அறுத்திருக்கிறார்கள். வண்டு அதற்குள் இருந்தது. காட்டில் இருந்தே வந்திருக்க வேண்டும். விட்டத்தில் தவளை சத்தம் போட்டு எல்லோரையும் கூட்டிய நாளிலும் அது தறிச்சத்தத்துக்குள் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்திருக்கும்.

சந்தோஷப்படப் பயமாக இருந்தது. கலியாணத்தைத் தள்ளிப் போடுவதற்காக நான் கதை கட்டுகிறேன் என்றுதான் எவரும் சொல்வார்கள். தூளைக் கூட்டி எறிந்துவிடலாமா என்று கூட ஒரு நேரம் யோசித்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டு, வேலிப் படலையடியில் நின்றேன். வாப்பா பள்ளியில் இருந்து தொப்பியோடும் உடுத்த வெள்ளைச் சாரத்தோடும் வந்தார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் முழங்காலில் இருந்து நிலையில் காதை வைத்தார். தெருவில் முதல் தறி தொடங்கும் வரைக்கும் அப்படியே இருந்தார். பிறகு தூளை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், நூலின் முறுக்கைப் பார்ப்பது போல.

"இதும் தவளையா புள்ள?"

"இல்ல வாப்பா. இது வண்டுதான்."

அவர் எழும்பி, வெள்ளைச் சாரத்தில் ஒட்டிய தூளைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஊடு முடியல்ல," என்றார்.

மாமி வந்தார். வாப்பா தன் ராத்தாவின் முன்னால் நிமிர்ந்து நின்று அதே மூன்று சொல்லைச் சொன்னார். வண்டு தின்ற வீட்டுக்கு மகன் வர மாட்டான் என்று சொன்னது நீங்கள்தானே என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஓடாவியார் வெள்ளை மரத்தில் ஒரு சின்ன ஓட்டைதான், தார் பூசினால் போதும் என்று ஆரம்பித்தார். மாமி அவரை நிறுத்திவிட்டார்.

"அண்டைக்கி நீங்க வண்டெண்டு சொல்லக்க, அவள்தானே தவளை எண்டவள். அவளுக்கு அதால என்ன லாபம்? இண்டைக்கி அவள் வண்டெண்டா வண்டுதான். நிலையக் களத்துங்க."

என்னைப் பற்றி மாமி சொன்ன நல்ல வார்த்தை என்று நான் வைத்திருப்பது இது ஒன்றுதான். சொல்லிவிட்டுக் கோபமாகத்தான் போனார்.

நிலையைக் கழற்றினார்கள். புது நிலைக்கு மரம் வந்து, அறுத்து, நிழலில் அடுக்கிக் காயப் போட்டார்கள். வீடு முன்வாசலில் பெரிய ஓட்டையோடு நின்றது. அந்த ஓட்டை வழியாக நான் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த வெயில் காலத்தில் ஒரு நாள் தபால்காரன் சைக்கிளை விட்டு இறங்கினான். கலாசாலை என்னை எடுத்திருந்தது. வாப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் திரை கட்டிய அதே வண்டியில் போய் பஸ் ஏறினேன்.

கலாசாலை விடுதிக்கும் மதில் உண்டு. படலைக்குப் பதில் இரும்புக் கேற், அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு காவல்காரர். நாங்கள் வரிசையில் போய் வரிசையில் வருகிறோம். இருந்தாலும் அங்கே நான் எழுதுவதைத் திருத்துகிறார்கள். நான் கதைத்தால் பதில் சொல்கிறார்கள்.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது முன்வாசலில் புது நிலை நாட்டிக் கதவும் மாட்டியிருந்தது. முதிரை, முழுக்க வைரம். நான் படித்து முடித்து வரும் மாதத்தைப் பற்றி மாமி இப்போதே கேட்கிறாராம். வெள்ளிக்கிழமையாக இருந்தது. வாப்பா பள்ளியில் இருந்து வந்தபோது நான் அந்த நிலையில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கிட்ட வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் தறிகள் இன்னும் தொடங்கவில்லை.

"என்ன புள்ள? தவளையா, வண்டா?"

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கல்லைத் தட்டுவது போல இருந்தது.

"ரெண்டும் இல்ல வாப்பா," என்றேன்.